நோயுற்றது மீனா, நீரா?

கோடை விடுமுறையில் பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வைக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் பல உண்டு. முதல் வாரம் முழுதும் மகிழ்ச்சி. மூன்றாம் வாரத்தில் மீன் ஒன்று துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். மறுநாள் காலை மிதக்கும். உடனே கடைக்கு ஓடி நீலநிற மருந்துக் குப்பி ஒன்றை வாங்கி வந்து ஊற்றுகிறோம். எஞ்சிய மீன்களும் மடிகின்றன. குழந்தை தேம்பி அழுகிறது. 'ராசியில்லாத தொட்டி' என்று கூறி நாம் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது மீனின் உடல் அன்று. அது வாழும் நீரே.

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாது எஞ்சிய தீனியும் அழுகி அதே நஞ்சாகிறது. ஏரியிலும் குளத்திலும் அது பரந்த நீரில் கலந்து மறையும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் ஏது? வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள மணலிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. வேறொரு வகை, அந்த நைட்ரைட்டையும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவ்விரு கூட்டங்களும் புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரச் சாவின் மர்மம் இதுவே. நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. இந்நஞ்சுகளுக்கு நிறம் இல்லை. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவும் இல்லத்தரசியரின் தூய்மை ஆர்வமும் இங்கே தீமையாகவே முடிகிறது. குழாய்நீரின் குளோரின் அந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து முகந்த நீரிலேயே பஞ்சை மெல்ல அலசுவது முறை.

இந்த உண்மையின் ஒரு பகுதியை 1850 ஆம் ஆண்டிலேயே இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் கண்டார். தங்கமீன்களோடு நீர்ச்செடியை வளர்த்த அவர், செடியின் இலைகள் அழுகி நீர் கலங்குவதைப் பார்த்தார். மருந்து எதையும் அவர் நாடவில்லை. அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது.

மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது அடுத்த அடையாளம். ரிமினி நகர்க் கடலோரத்தில் புனித அந்தோனியாரின் மறையுரைக்கு மீன்கள் தலைநீட்டிச் செவிமடுத்தன என்பது மரபு. நம் தொட்டியில் அவை தலைநீட்டினால் அது மூச்சுத் திணறலே! 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தங்கும். ஆகவே நம் நாட்டுக் கோடையில் காற்றுப் பம்பை இரவில் நிறுத்துவது கொடுமை. பம்பு ஓடியும் திணறினால் நைட்ரைட் நஞ்சையோ செவுள் நோயையோ ஐயுற வேண்டும். முதலுதவி ஒன்றே: கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை மாற்றுதல். புதுநீர் குளோரின் நீங்கியதாகவும், பழைய நீரின் வெப்பத்தை ஒத்ததாகவும் இருக்கட்டும்.

இனி, நீரைச் சீர்செய்த பின்னும் நிற்கும் நோய்களுக்கு வருவோம். இங்கே நம்மவரைப் பெரிதும் தடுமாறச் செய்வது 'வெள்ளை' என்னும் ஒரே சொல். ரவையைத் தூவியதுபோல் உடலெங்கும் தனித்தனிப் பொட்டுகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். பஞ்சுபோல் இழையிழையாகத் துருத்தினால் பூஞ்சை. பெரும்பாலும் பழைய காயத்தின்மேல் அது வளரும். வாயைச் சுற்றியோ முதுகின்மேல் சேணம்போலவோ சாம்பல் கலந்த வெண்படலம் படர்ந்தால், பஞ்சுபோலத் தோன்றினும் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கக்கூடும். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் ஒழுங்காக எழும் வெண்முத்துகளோ நோயே அல்ல! அவற்றுக்கு மருந்திட்டுக் கொல்வோரும் உளர். வேறுபாடு அறிவது வீண் நுணுக்கம் அன்று. வெண்புள்ளிக்கு நீரைச் சூடேற்றுவது நன்மை. வெண்படலத்துக்கு அதே சூடு எமனாகும்.

வெண்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும்போது எம்மருந்தும் அதனை எட்டுவதில்லை. அது முதிர்ந்து கீழே விழுந்து, உறையிட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. ஓரிரு நாட்களுக்குள் மீன் ஒன்றைப் பற்றாவிடில் அக்குஞ்சுகள் மடியும். நீந்தித் திரியும் அந்த வேளையிலேயே மருந்து அவற்றைத் தாக்கும். எனவே புள்ளிகள் மறைந்ததும் மருத்துவத்தை நிறுத்தினால் அடுத்த தலைமுறை படையெடுக்கும். 10 முதல் 14 நாட்கள் விடாது தொடர வேண்டும்.

எளிய மருந்து நம் அடுக்களைக் கல்லுப்பே. தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 60, 30, 30 எனில் 54 லிட்டர். மணலுக்கும் கல்லுக்கும் கழித்தால் 48 என்று கொள்ளலாம். லிட்டருக்கு 2 கிராம் வீதம் சுமார் 100 கிராம் உப்பைக் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வெப்பத்தையும் மெல்ல 30 பாகைக்கு உயர்த்திக் காற்றை மிகுதியாக்குக. ஆவியாகும் நீரோடு உப்பு போவதில்லை. குறைவை நல்ல நீரால் மட்டும் நிரப்புக. செதிலற்ற கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகள் பலவும் உப்பைத் தாங்கா. கடை மருந்து பயன்படுத்துவோர் வடிகட்டியிலுள்ள கரியை முதலில் அகற்றிவிடுக. அது மருந்தை உறிஞ்சிவிடும்.

கொளத்தூர்க் கடைகளில் ஆசையாய் வாங்கிவரும் புதுமீனை மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்ப்பவர்க்கு இத்தொல்லைகளில் பாதி வராது.

சீத்தாப்பழத் தோல்போல் செதில்கள் விரிந்து வயிறு ஊதிய மீன் பிழைப்பது அரிது. உள்ளுறுப்புகள், குறிப்பாகச் சிறுநீரகம், பழுதடைந்ததன் வெளித்தோற்றம் அது. விலங்குகளை வீணே வருத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. தேறாத மீனை நாட்கணக்கில் துடிக்க விடுவதையும், உயிரோடு சாக்கடையில் எறிவதையும் அதனோடு எப்படிப் பொருத்துவது? ஒரு லிட்டர் தொட்டி நீருக்குக் கிராம்பு எண்ணெய் எட்டுப் பத்துச் சொட்டு வீதம், சிறிது வெந்நீரில் குலுக்கிக் கலந்து, அதில் மீனை விட்டால் மயங்கி அடங்கும். செவுளின் அசைவு நின்ற பின்னும் 10 நிமிடத்திற்குக் குறையாமல் விட்டுவைப்பது அவசியம்.

வீட்டு அலமாரியில் மிஞ்சிய டெட்ராசைக்ளின் குளிகையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களையும் அது தாக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டுக்குள்ளேயே வளர்த்துவிடவும் கூடும்.

மீனுக்கு வைத்தியம் செய்யும் கைக்கும் ஒரு சொல். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒன்றை 1926 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் மடிந்த மீன்களிடம் ஆரன்சன் என்பவர் கண்டறிந்தார். அது காயம் வழியாக மனிதர் தோலிலும் புகும். வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். விட நேர்ந்தால் கையுறை அணிந்து, பின் சோப்பிட்டுக் கழுவுங்கள். விரலிலோ முழங்கையிலோ வாரக்கணக்கில் ஆறாத கட்டி எழுந்தால், மருத்துவரிடம் செல்கையில் வீட்டில் மீன் தொட்டி இருப்பதையும் மறவாமல் கூறுங்கள். அவராக அதைக் கேட்பது அரிது.