சாக்பீஸ் பெட்டியில் வந்த கேள்விகள்

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றொரு பாடம் உண்டு. முன்பெல்லாம் அதற்கு ஒரே பாடவேளைதான் ஒதுக்குவேன். நாளமில்லாச் சுரப்பிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “மீதியை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிடுவேன். மாணவர்களுக்குச் சிரிப்பு; எனக்குக் கூச்சம்.

ஒரு மாணவன்தான் என்னை மாற்றினான். கபடி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவன், திடீரென விளையாட வர மறுத்தான். மதிய உணவும் சரியாகச் சாப்பிடவில்லை. தனியே அழைத்து இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, நோட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டு நோட்டீசை எடுத்துக் காட்டினான். பேருந்து நிலையத்தில் கொடுத்தார்களாம். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வரும், ஆண்மை போய்விடும் என்று அதில் இருந்தது.

“சார், எனக்கு அந்த நோய் இருக்கு. மருந்து வாங்க வீட்ல காசு இல்ல” என்றான்.

அது நோயே அல்ல என்று அன்றே விளக்கினேன். மறுவாரம் கபடிக்கு வந்துவிட்டான். ஆனால், நான் வகுப்பில் சொல்லியிருந்தால் அவன் அத்தனை நாள் பயந்திருக்க மாட்டான்.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. பாடத்துக்கு முதல் நாள் பையன்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் கால் தாள் கொடுப்பேன். பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்களும் “கேள்வி இல்லை” என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. சாக்பீஸ் பெட்டியில் சேர்ந்த தாள்களை அன்று மாலையே படித்துவிடுவேன்.

அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்:

குரல் ஏன் உடைகிறது? டெஸ்டோஸ்டீரான் ஹார்மோனால் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நாளடைவில் குரல் நிலைபெறும்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயா? இல்லை. விந்தகங்கள் செயல்படத் தொடங்கியதன் இயல்பான விளைவு. சிலருக்கு ஏற்படாமலும் இருக்கலாம், அதுவும் இயல்பே. இதனால் ரத்தமோ பலமோ குறையாது. மருந்து தேவையில்லை.

மார்பு லேசாக வீங்கி வலிக்கிறதே? ஹார்மோன் மாற்றத்தால் பல பையன்களுக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும். வலி அதிகமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம்.

நான் மட்டும் ஏன் வளரவில்லை? பையன்களுக்குப் பருவமாற்றம் பொதுவாக 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வராது.

பாடநூல் சொற்களையே பயன்படுத்துகிறேன். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு இருக்கும். திட்டாமல், நாமும் சிரிக்காமல் அதே சொல்லை மறுபடி சொன்னால் அடங்கிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. யாரோ தவறாகத் தொடுவதாக ஒரு தாள் வந்தால் அதை வகுப்பில் படிக்கக் கூடாது. தனியே வந்து பேசலாம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் பொருந்தும். விவரம் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் சட்டக் கடமை. ஆகவே, “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மாணவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

இந்தப் பாடத்துக்கு இரண்டு பாடவேளை கூடுதலாக ஒதுக்கிப் பாருங்கள். நாம் சொல்லாவிட்டால் நோட்டீஸ்காரர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.