ஓய்வூதியமும் வாடகை வீடும்
எல்லைப் பகுதி முதியவர்களுக்கு ஒரு கணக்கு

மாதம் பிறந்தால் ஒரு முதியவரின் கைக்கு வரும் ஓய்வூதியம் மூன்று செலவுகளைத் தாங்க வேண்டும்: அரிசி, மருந்து, கூரை. அரிசிக்கு ரேஷன் கடை இருக்கிறது. மருந்துக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கூரைக்கு மட்டும் பதில் சொல்ல யாரும் இல்லை. ரயில்வே போன்ற மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குக்கூட அகவிலை நிவாரணம் உண்டே தவிர, வீட்டு வாடகைப் படி சர்வீஸோடு நின்றுவிடுகிறது. அவர்கள் பாடே இப்படி என்றால், தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும் நம் மக்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலையோடு வந்த வீடு

மூணாறு, தேவிகுளம், பீருமேடு, நெல்லியாம்பதி மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் வீடு லயம். தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும், வீடு வேலை செய்பவருக்கே. வேலை முடிந்தால் வீட்டின் மேல் உள்ள உரிமையும் முடிந்துவிடுகிறது.

ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதே விதிதான். ஆனால் அங்கே ஓய்வு பெற்ற பின் நான்கு மாதம் சாதாரண வாடகையிலும், பிள்ளைகள் படிப்பு அல்லது நோய் காரணமாக மேலும் நான்கு மாதம் இரட்டிப்பு வாடகையிலும் இருக்கலாம். அதற்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஓய்வூதியமும் வரும். லயத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டு வசதியும் குறைவு.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே காணலாம். தாய் தந்தையர் லயத்தைக் காலி செய்யாமல் இருக்க வேண்டுமானால் மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். பிளஸ் டூ தேறிய பெண் பிள்ளை, பெற்றோரின் கூரைக்காகக் கொழுந்துக் கூடையைத் தூக்குகிறாள். முதியவருக்கு ஒரு வாடகை வீடு அமைந்தால் விடுதலை பெறுவது அவர் மட்டுமல்ல, அடுத்த தலைமுறையும்தான்.

லயத்தில் தொடர்ந்து இருப்பதும் எப்போதும் பாதுகாப்பானது அல்ல. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 உயிர்கள் போயின. சொந்த வீடு இல்லாதவன் மலையடிவாரத்தில்தான் படுக்க வேண்டும் என்பது விதியாக இருக்கக் கூடாது.

வரவும் வாடகையும்

இப்போது கணக்குக்கு வருவோம். கேரள அரசின் முதியோர் ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் மாதம் ரூ. 2,000. அதற்கு முன் ரூ. 1,600 ஆக இருந்தது. தொழிலாளர் சேமநல நிதியின் ஓய்வூதியம், அதாவது பி.எஃப். பென்ஷன், 2014 முதல் குறைந்தபட்சம் ரூ. 1,000. நீண்ட சர்வீஸ் உள்ளவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக வரும்.

ஒருவருக்கு மாதம் ரூ. 3,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது பல நாடுகளில் கைக்கொள்ளும் பொது அளவு. அதன்படி இவர் தரக்கூடிய வாடகை ரூ. 900. மூணாறிலோ குமுளியிலோ இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

இனி பணிக்கொடையைப் பார்ப்போம். வருடத்துக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. நாள் கூலி ரூ. 450, சர்வீஸ் 30 வருடம் என்றால் ரூ. 2,02,500 வரும். இந்தப் பணம் கல்யாணத்திலும் கடனிலும் கரைந்துவிடுவதே வழக்கம். அதைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு, வட்டி எட்டு சதவீதம் என்று கொண்டால், ஆண்டுக்கு ரூ. 16,200 வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இந்த வட்டியை மாதக் கணக்கில் பிரித்தால் ரூ. 1,350. முன்பு சொன்ன ரூ. 900-ஐயும் சேர்த்தால் வாடகைக்கென்று ரூ. 2,250 கையில் நிற்கும். எளிய ஓர் அறை தேடத் தொடங்குவதற்கு இந்தத் தொகை ஒரு பிடிமானம். பணிக்கொடை கூரைக்கான மூலதனம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் மனதில் கொள்ள வேண்டும்.

ஒன்றைக் கவனிக்கவும். பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் காலமானால் மனைவிக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். ஆகவே வீடு பார்க்கும்போதே, இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் இந்த வாடகையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு திட்டங்கள் எதுவரை?

கேரள அரசின் லைஃப் மிஷன் வீடு கட்ட ரூ. 4 லட்சம் தருகிறது. ஆனால் அதற்குச் சொந்த நிலம் வேண்டும். நிலமும் இல்லாதவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் என்று ஒரு பிரிவு உண்டு. இடுக்கி மாவட்டம் அடிமாலியில் 217 வீடுகள் கொண்ட கட்டடம் இவ்வகையில் உருவானதே. நல்ல முயற்சிதான். ஆனால் எழுபது வயதில் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருப்பவருக்கு இன்றிரவு தங்க இடம் வேண்டுமே!

அரசு நினைத்தால் வாடகைக்கு இடம் கட்டித் தர முடியும் என்பதற்குச் சான்று நம் பாலக்காட்டிலேயே இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் 2019-ல் திறக்கப்பட்ட 'அப்னா கர்' விடுதி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரளத் தொழிலாளர் துறை ஏற்படுத்தியது. அங்கே 600-க்கும் மேற்பட்டவர்கள் குறைந்த மாத வாடகையில் தங்க இடமுண்டு. வேலை செய்யும் இளைஞருக்குச் செய்ய முடிந்ததை, வேலை செய்து ஓய்ந்தவருக்கும் செய்யலாம் அல்லவா?

மத்திய அரசு 2020-ல் நகரங்களுக்கென்று மலிவு வாடகை வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுவது அதன் ஒரு வழி. சூரத்திலும் சண்டிகரிலும் அவ்வாறு நடந்தது. 2024-ல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீட்டுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் இது நகரங்களுக்கான திட்டம். நம் மலைப் பஞ்சாயத்துகள் இதற்கு வெளியே நிற்கின்றன.

பிற நாடுகளில் இரண்டு வழிகள் உண்டு. சிங்கப்பூரில் அரசே சிறு வீடுகளைக் கட்டி, வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு ஓரறை வீட்டை மாதம் 26 முதல் 33 வெள்ளிக்கு விடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1977 முதல் வேறு முறை: அறுபது வயது கடந்தவர் தனியார் வீட்டிலேயே இருக்கலாம், வாடகை வருமானத்தில் முப்பது சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும். கட்டடம் எழும்பக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இந்த இரண்டாவது முறையே நம் மலைப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இப்போதே செய்யக்கூடியவை

1. பென்ஷன் தடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழை எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அரசு முதியோர் ஓய்வூதியத்துக்கு அக்ஷயா மையத்தில் செய்யும் மஸ்டரிங் வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம்.

2. எல்லை தாண்டிக் குடிபோகும் முன் யோசியுங்கள். 2025 ஜனவரி முதல் பி.எஃப். பென்ஷனை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். போடிக்கோ கம்பத்துக்கோ பொள்ளாச்சிக்கோ போனாலும் அது கூடவே வரும். கேரள அரசின் முதியோர் ஓய்வூதியம் அப்படி வராது. தமிழ்நாட்டில் புதிதாக மனுச் செய்ய வேண்டும். அங்கே 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை ரூ. 1,200. வாடகையில் மிச்சமாவது, ஓய்வூதியத்தில் குறைவதைவிட அதிகமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. வாடகைக்கு ரசீது கேளுங்கள். கேரளத்தின் 1965-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. அச்சட்டம் அமலில் உள்ள பகுதிகளில், வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் துரத்தவும் கூடாது. முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பணிக்கொடையை 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் வட்டியும் உண்டு. தொழிற்சங்கம் மூலமோ நேரிலோ தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள்.

5. வசதியிருந்தும் கைவிட்ட பிள்ளைகளிடம் வாடகை கேட்பதும் உரிமையே. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பராமரிப்பு' என்பது உணவு, உடை, மருத்துவத்தோடு உறைவிடத்தையும் சேர்த்தது. மாதம் ரூ. 10,000 வரை உத்தரவிடலாம். வக்கீல் தேவையில்லை. தேவிகுளம், இடுக்கி, பாலக்காடு, ஒற்றப்பாலம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் மனுச் செய்யலாம்.

சங்கம் செய்யக்கூடியது

பல முதியவர்களுக்கு மாத வாடகையைவிட முன்பணமே பெரிய தடை. நம் சங்கம் சிறு கைமாற்று நிதி ஒன்றை ஏற்படுத்தி, முன்பணத்தை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கட்டலாம். முதியவர் வீடு மாறும்போது அது திரும்ப வந்து இன்னொருவருக்கு உதவும். பூட்டிக் கிடக்கும் வீடுகளை வைத்திருக்கும் உறுப்பினர்கள், அவற்றை நியாயமான வாடகைக்கு முதியவர்களுக்குத் தர முன்வந்தால், வாடகைக்குச் சங்கம் பொறுப்பேற்கலாம்.

ஓய்வூதியத்தோடு வாடகை உதவித் தொகை ஒன்றையும் சேர்க்குமாறு அரசுக்கு ஒரு மனுவை மலையாளத்தில் எழுதி, எல்லாப் பஞ்சாயத்துகளிலும் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். பட்டியல் எடுக்கும் வேலையை ஒவ்வொரு கிளையும் ஏற்றுக்கொண்டால் போதும்: நம் பகுதியில் அறுபதைத் தாண்டி, சொந்த வீடு இல்லாமல், லயத்திலோ வாடகையிலோ இருப்பவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கை கையில் இருந்தால்தான் மனுவுக்கு வலு வரும்.