பஞ்சுக்கும் கரன்ட்டுக்கும் தாங்கும் கம்ப்யூட்டர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டிசைன் அறையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றால், பிராசஸர் போதாததால் படுத்தது என்பது அபூர்வம். ஹீட்சிங்க்கில் பஞ்சு அடைத்திருக்கும், மட்டமான எஸ்எம்பிஎஸ் புகைந்திருக்கும், ராம் பற்றாமல் ஃபோட்டோஷாப் திணறிக்கொண்டிருக்கும். ஆனாலும் புதிதாக ஒன்று அசெம்பிள் பண்ணும்போது பட்ஜெட்டில் பெரும்பங்கு பிராசஸருக்கே போகிறது. மிச்சமிருக்கும் காசில் மற்றதை வாங்குகிறார்கள். இந்த ஊருக்கு அந்த வரிசை ஒத்துவராது. எந்த வரிசையில் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“தம்பி, ஐ-7 போட்டுக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்குங்க.”

“போட்டுறலாங்ண்ணா. அதுல என்ன வேலைங்க பாக்கப் போறீங்க?”

“டிசைனுதாந் தம்பி.”

இந்த ஊர் டிசைன் அறைகளில் மூன்று விதமான வேலை நடக்கிறது. மூன்றுக்கும் மூன்று விதமான மெஷின் வேண்டும். பேட்டர்ன் மாஸ்டர் கிரேடிங் செய்து மார்க்கர் போடும் மேஜை ஒன்று. ஜெர்பர் அக்யூமார்க், லெக்ட்ரா, டுகாகேட் போன்ற மென்பொருள்கள் அங்கே ஓடும். கோடுகளும் புள்ளிகளும்தான் என்பதால் இந்த வேலை கம்ப்யூட்டருக்கு லேசு. ஆறு கோர் பிராசஸர், 16 ஜிபி ராம் போதும்; தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதே இல்லை. துணி மிச்சம் பிடிக்க ஆட்டோ மார்க்கரை ராத்திரியெல்லாம் ஓடவிடுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் கோர் உதவும்.

இரண்டாவது பிரிண்ட் டிசைன். மெஷினை நிஜமாகவே திணறவைப்பது இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ரோட்டரி பிரிண்டிங்கில் ஒரு ஸ்கிரீனின் சுற்றளவு வழக்கமாக 64 சென்டிமீட்டர். துணி அகலம் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழு ரிப்பீட்டையும் 300 டிபிஐயில் திறந்தால் ஒரு பக்கம் 7,559 புள்ளி, இன்னொரு பக்கம் 18,898 புள்ளி. மொத்தம் 14 கோடிக்கும் மேல். ஒரு புள்ளிக்கு ஆர்ஜிபியில் 3 பைட் என்றால் ஒரே ஒரு லேயர் ஏறக்குறைய 43 கோடி பைட் பிடிக்கும். பூ ஒரு லேயர், இலை ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர் என்று எட்டு லேயர் முழுசாக நிரம்பினால் மூன்றரை ஜிபியை எட்டிவிடும். அதற்கு மேல் ‘அன்டூ’ செய்ய ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் பழைய நிலைகள், பக்கத்தில் திறந்திருக்கும் கோரல் டிரா, பையரின் மெயில், டெக் பேக் பிடிஎஃப். 16 ஜிபி ராமில் இதெல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திருக்க வேண்டும். 32 ஜிபி இங்கே ஆடம்பரம் இல்லை, அடிப்படை.

மூன்றாவது 3டி சாம்பிள். தைத்து கூரியரில் அனுப்பும் சாம்பிளைக் குறைக்கலாம் என்று கொரியாவின் சிஎல்ஓ 3டி போன்றவற்றைப் பையர்களே கேட்கிறார்கள். இதற்குத்தான் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதிலும் ஜிபியு சிமுலேஷனுக்கு என்விடியா கார்டுதான் ஒத்துவரும். இந்த மென்பொருள் துணியைச் சின்னச் சின்னப் புள்ளிகளின் வலையாகப் பிரித்து மடிப்பைக் கணக்கிடுகிறது. வேலை செய்யும்போது புள்ளிக்குப் புள்ளி 20 மில்லிமீட்டர் இருக்கும். பையருக்கு அனுப்பும் கடைசிப் படத்துக்கு 5 மில்லிமீட்டராகக் குறைப்பார்கள். இடைவெளி கால்பங்கானால் புள்ளிகளின் எண்ணிக்கை 16 மடங்காகும். 20-இல் ஓடவிட்டுப் பார்த்து “நல்லாத்தான் ஓடுது” என்று முடிவெடுக்கக் கூடாது. 5-இல் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை முடிவு செய்ய வேண்டும். 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 அளவில் தொடங்கலாம்.

வேலை தெரிந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். மெஷின் உட்காரப்போகும் அறைக்குப் போய் பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது என்பது. இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் வயரிங்கையோ எர்த் குழியையோ எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். எர்த்தே இல்லாத பாயின்ட்டில் செருகினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக கேபினெட்டின் உடம்பில் பாதி வோல்ட்டேஜ் வந்து நிற்கும். தொட்டால் சுர்ரென்று இழுப்பது இதனால்தான். செருப்பில்லாமல் தொட்டதால் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். யுஎஸ்பி போர்ட் போவதற்கும் பிளாட்டர் நடுவில் நிற்பதற்கும் பல சமயம் இதுவே காரணம். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும் ஊர் இது. குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைப் பொறுப்பாக்கிவிட்டு மற்ற பேச்சைப் பேசலாம்.

அதே அறையில் பழைய பிளாட்டரையும் டிஜிடைசர் போர்டையும் திரும்பிப் பாருங்கள். அவற்றில் பல இன்னும் ஒன்பது பின் சீரியல் கேபிளில் ஓடுகின்றன. புது மதர்போர்டின் பின்புறம் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது. ஆனால் போர்டின் ஓரத்தில் ‘காம்’ என்று பொறித்த சிறு பின் வரிசை பல மாடல்களில் உண்டு. அதில் செருகிப் பின்னால் கொண்டுவரும் பிராக்கெட் தனியாகக் கிடைக்கும். மதர்போர்டு வாங்கும் முன் அதன் மேனுவலைத் திறந்து இந்த ஹெடர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடலாம். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மென்பொருளின் டாங்கிள் புது விண்டோஸில் ஓடுமா என்பதையும் விற்றவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, புது மெஷினில் 11-தான் போட்டாக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரை செகண்ட்ஹேண்டில் எடுக்காதீர்கள். எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது.

இப்போது பிராசஸர். 12-ஆம் தலைமுறை ஐ5-12400 கூட மார்க்கர் மேஜைக்கும் பிரிண்ட் மேஜைக்கும் தாராளம்: ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வரும். ஏஎம்டியில் ரைசன் 5 7600 அதே தரத்துக்கும் சற்று மேலே. பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ‘கே’ என்று முடிந்தால் கூலர் தனியாக வாங்க வேண்டும், சூடும் அதிகம். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய இன்டெல் பிராசஸர்களில் தாறுமாறாக நின்றுபோகும் கோளாறு வந்து, 2024-இல் அந்த நிறுவனமே வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அவற்றை எடுத்தால் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

மதர்போர்டில் மலிவான எச்610 வேண்டாம். ராமுக்கு இரண்டே ஸ்லாட். பி660, பி760, ஏஎம்டி என்றால் பி650 வரிசையில் நான்கு ஸ்லாட் உள்ளதாகப் பாருங்கள். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் ஏறாது. பில் போடும் முன் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ராமை எப்போதும் ஜோடியாக வாங்க வேண்டும்: 16 இரண்டு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. “இப்போ ஒண்ணு போட்டுக்கலாம், பின்னாடி சேத்துக்கலாம்” என்று தள்ளிப்போட ஆசை வரும். பிரிண்ட் மேஜைக்கு அது சரிவராது. டிடிஆர்5-இல் நான்கு துண்டும் ஏறினால் வேகம் இறங்கும் என்பதால் முதலிலேயே இரண்டு பெரிய துண்டாகப் போட்டுவிடுவது நல்லது. காசு இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள்.

ஸ்டோரேஜில் யோசிக்க அதிகம் இல்லை. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 500 ஜிபி என்விஎம்இ ஒன்று, வேலை ஃபைல்களுக்கும் ஃபோட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கும் 1 டிபி இன்னொன்று. போன சீசன் டிசைனைப் பையர் திடீரென்று ரிப்பீட் ஆர்டராகக் கேட்பார். அதற்காக வெளியே ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும். அது கம்ப்யூட்டரிலேயே எப்போதும் செருகிக் கிடக்கக் கூடாது. பேக்கப் எடுத்ததும் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’டில் அந்த எண் ஸ்டிக்கரில் மட்டுமே இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 550 வாட் எடுங்கள். கிராபிக்ஸ் கார்டோடு சேர்த்து மெஷின் இழுப்பது 300 வாட்டுக்குப் பக்கம்தான். மிச்சம் அதன் ஆயுளுக்கு. அடுத்து யுபிஎஸ். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். ஜெனரேட்டர் எடுக்கும் வரை சாதாரண மெஷினைப் பிடித்து நிறுத்தும், கிராபிக்ஸ் கார்டு உள்ளதற்கு 1 கேவிஏ வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சிக்கும் மலிவு யுபிஎஸ்களின் சதுர அலைக்கும் ஒத்துப்போகாமல், கரன்ட் போன நொடியில் மெஷினும் சேர்ந்து அணைந்துவிடுவது உண்டு. யுபிஎஸ்ஸே கெட்டது என்று நினைத்து பேட்டரியை மாற்றுவார்கள். ப்யூர் சைன் வேவ் என்று எழுதியதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. யுபிஎஸ்ஸில் பிளாட்டரைச் சேர்த்துச் செருகக் கூடாது.

கேபினெட்டை அழகு பார்த்து எடுப்பது இந்த ஊருக்கு ஆகாது. நிட்டிங்கிலும் ஓவர்லாக் வரிசையிலும் பறப்பது ரோட்டுத் தூசி மாதிரி பொடி இல்லை, இழை. ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே நுழைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளம் போலப் படிந்துவிடும். கழற்றினால் முழுத் துண்டாக உரிந்து வரும். முன்புறம் வலை, அதன் பின்னால் கையால் இழுத்துக் கழுவக்கூடிய ஃபில்டர், காற்றை உள்ளே இழுக்க முன்னால் இரண்டு ஃபேன், வெளியே தள்ளப் பின்னால் ஒன்று. உள்ளே போகும் காற்று அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் கசியும், பஞ்சு ஃபில்டரிலேயே நிற்கும். பக்கமெல்லாம் கண்ணாடி, முன்னால் மூடிய பிளாஸ்டிக் என்று வருவதில் சித்திரை வெயிலில் மூச்சு முட்டும். எதுவானாலும் தரையில் வைக்காதீர்கள், ஒன்றரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும்.

மானிட்டர் ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி முழுக்கக் காட்டுவது, 24 அல்லது 27 அங்குலம். முடிந்தால் கேலிபிரேஷன் கருவி வைத்து 6,500 கெல்வினுக்குச் சரிபண்ணுங்கள். ஆனால் எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் ஷேடை அதில் ஓகே பண்ணக் கூடாது. பான்டோன் டிசிஎக்ஸ் துணித்துண்டையும் லேப் டிப்பையும் லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 இரண்டு வெளிச்சத்திலும் பார்த்த பிறகுதான் அந்த முடிவு.

வாங்குவதைப் பொறுத்தவரை, உள்ளூரில் கிடைக்காத பாகத்துக்கு 50 கிலோமீட்டர் தள்ளி கோயம்புத்தூர் காந்திபுரத்துக்குப் போகலாம். சென்னை ரிச்சி தெருவில் விலை இன்னும் இறங்கலாம். ஆனால் ஏதாவது கெட்டால் வாரண்டிக்கு யார் அலைவது என்று யோசித்துவிட்டு விலையைப் பேசுங்கள். பிராசஸர் பெட்டியோடு, சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும். கம்பெனி ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் தரும் தள்ளுபடி பெரும்பாலும் அந்த அளவுக்குக் கூட வராது.

பூட்டி முடித்ததும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ராமைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் சினிபெஞ்சை அரைமணி நேரம் ஓட்டி, பிராசஸர் சூடு 85 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கடையின் ஏசி அறையில் பார்த்தது கணக்கில்லை, ஃபேன் மட்டும் ஓடும் உங்கள் அறையில் பார்க்க வேண்டும். பிறகு மெஷின் தன் இடத்துக்கு வந்து, பிளாட்டர், டாங்கிள் எல்லாம் செருகி, ஒரு முழு மார்க்கரை அடிக்கவிட்டு, நடுவில் மெயினை அணைத்து ஜெனரேட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த மாற்றத்தில் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றால் பணத்தை முழுசாகக் கொடுக்கலாம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை மெஷினை அணைத்துவிட்டுப் பக்கவாட்டைத் திறந்து சின்ன புளோயரால் ஊதினால் போதும். தையல் ஹாலின் கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுவந்து பிடிக்காதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், போர்டில் பட்டால் துரு ஏறும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் போய்விடும்.