பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வு

பருத்தி எடுப்பும் தறி வேலையும் ஓயாத நம் பாலவனத்தம் பக்கத்தில், பிரசவித்த பெண் ஓயாது அழுதாலும், உறக்கமின்றித் தவித்தாலும், குழந்தையைத் தூக்க மனமின்றி இருந்தாலும், பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது நோயாகவும் இருக்கக்கூடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பதிவு செய்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பேருக்கு மனச்சோர்வு புதிதாகக் கண்டது. அதற்கு ஏதுவாய் நின்றவை: குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வீட்டு வேலைக்குத் துணையின்மை.

வருமானம் ஒரு நாளில் உயர்ந்துவிடாது. ஆயின் மற்றவற்றுள் சில நம் கையில் உள்ளன. தார் சுற்றுவதையும் தண்ணீர் சுமப்பதையும் சில மாதங்களுக்குப் பிறர் ஏற்கலாம். பெண் பிறந்ததற்கு வருந்தும் பேச்சை அறவே நிறுத்தலாம். சோர்வு இரு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்தல் வேண்டும். உயிரை வெறுத்துப் பேசினாலோ ஒரு நாளும் தாமதித்தலாகாது. 14416 என்ற அரசுத் தொலைபேசியில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கிறது.

ஒருவருக்கொருவர் துணை நிற்பதே கூட்டுறவு. அங்கத்தினர்களே, அத்துணை நம் வீட்டுத் தொட்டிலருகே தொடங்கட்டும்.