புள்ளிக்கோலம்: வாசலில் ஒரு கணக்கு, கைக்கு ஒரு பழக்கம்

அலோர் காஜா - தைப்பொங்கல் நெருங்கினால் கடைகளில் கரும்பும் மண்பானையும் வந்து இறங்கும். அவற்றோடு ஒட்டுக்கோலமும் தொங்கும். வாங்கி வந்து வாசலில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ரெம்பியா, தெபோங், காடேக், புலாவ் செபாங் எனத் தோட்டமும் சிறு பட்டணமும் கலந்த இந்த வட்டாரத்தில், மாவெடுத்துப் புள்ளி வைக்கத் தெரிந்தவர் பல வீடுகளில் பாட்டி ஒருவர்தான். அவருக்குப் பிறகு யார் என்பதே கேள்வி.

லயத்து வீடுகளில் வாசலைக் கூட்டி, சாணம் தெளித்துக் கோலம் போடுவது காலை வேலைகளில் ஒன்று. கோலம் அங்கே அழகுக்கு மட்டும் இல்லை. அது அக்கம்பக்கத்துக்குச் செய்தியும் சொன்னது. துக்கம் நிகழ்ந்த வீட்டில் கோலம் போடமாட்டார்கள். வெறும் வாசலைப் பார்த்தாலே என்ன ஏது என்று விசாரிக்க ஆள் வந்துவிடும். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்தபோது வாசல் கார் நிற்கும் இடமாயிற்று. சொரசொரப்பான தரை போய் வழுவழுப்பான ஓடு வந்தது. கோலமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்று சுருங்கியது.

புள்ளி எதற்கு?

புள்ளி என்பது கோலத்தின் அளவுகோல். கோடு எங்கே போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் புள்ளிதான் சொல்கிறது. புள்ளியின் எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். படத்தைப் பார்த்து வரைய வேண்டியதில்லை.

புள்ளி வைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் அது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு இடையில் விழும்படி வைத்தால் ஊடுபுள்ளி. இடைப்புள்ளி என்றும் சொல்வார்கள். "நேர்ப்புள்ளி, 7 முதல் 1 வரை" என்றால் நடு வரிசையில் 7, அதன் இரு பக்கமும் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 25 புள்ளி. "ஊடுபுள்ளி, 7 முதல் 4 வரை" என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. வடிவம் அறுகோணமாக வரும்.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூ, தாமரை, மயில் என்று வரைவது ஒரு முறை. புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைத்துக் கோடு இழுப்பது இன்னொரு முறை. இதுதான் சிக்குக் கோலம். கம்பிக் கோலம் என்ற பெயரும் இதற்கு உண்டு.

கை எடுக்காமல் முடியுமா?

சிக்குக் கோலத்தில் தொடங்கிய இடத்துக்கே ஒரே கோடாய் வந்து சேர்வதைப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார்கள். அது கைத்திறன் மட்டும் இல்லை, புள்ளிக் கணக்கும்தான்.

3 வரிசை, வரிசைக்கு 4 நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவிலும், மேல் கீழ்ப் புள்ளிக்கு நடுவிலும் ஒவ்வொரு சிறிய பெருக்கல் குறி போடுங்கள். மொத்தம் 17 குறி வரும். குறிகளின் முனைகளைப் புள்ளியைச் சுற்றி வளைத்து இணைத்துக்கொண்டே போனால், ஓரத்தில் கோடு தானாகத் திரும்பும். எல்லாப் புள்ளியையும் சுற்றி முடிக்கும்போது தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரே கோடு.

அதையே 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று வைத்தால் ஒரே கோட்டில் முடியாது. 4 தனித்தனிக் கோடுகள் வேண்டும். 4 வரிசையில் 6 புள்ளி என்றால் 2 கோடு. காரணம் எளிது. வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். 3-க்கும் 4-க்கும் அது 1. 4-க்கும் 6-க்கும் அது 2. பள்ளியில் படிக்கும் காரணிக் கணக்கு இங்கே வாசலில் படமாக நிற்கிறது.

இந்தக் கணக்கைப் பேராசிரியர்களும் கவனித்திருக்கிறார்கள். சென்னை தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோல வடிவங்களைக் கணினி மொழியின் இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துச் சுற்றி வரையும் படங்களிலும் இதே வகைக் கணக்கு இருக்கிறது.

மாவும் தரையும்

கடையில் விற்கும் நைசான அரிசி மாவு விரலில் நிற்காது, காற்றில் பறக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சற்றே கொரகொரப்பாக அரைத்தால் கோடு சீராக விழும். கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் கல்மாவு. போட எளிது; ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகாது.

வழுவழுப்பான ஓட்டுத் தரைக்கு மாக்கோலம் பொருந்தும். ஊறவைத்த பச்சரிசியை மைபோல் அரைத்து நீர்க்கக் கரைத்து, சிறு துணியை அதில் நனைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியாகக் கோடு இறங்கும். காய்ந்தபின் வெள்ளை வெளேரென்று தெரியும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். மழை நாளில் கூரைக்கு உள்ளே போடுவது நல்லது.

பழகுபவர்கள் முதலில் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து பார்க்கலாம். பிறகு தரையில் சுண்ணக்கட்டி. அதன் பிறகு மாவு. புள்ளிகளுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி விட்டால் கோடு நெருக்கியடிக்காது.

தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் போடும் பெரிய கோலங்களைப் பார்க்க எல்லா இனத்தவரும் நிற்கிறார்கள். மலாய் மொழியில் 'கோலாம்' என்றால் குளம். நம் 'குளம்' என்ற சொல்லே அங்கே போய் அப்படி ஆனது. அதனால் பெயரைக் கேட்டு விளக்கம் கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்த அரிசிக் கோலங்கள் பெரும்பாலும் படம் வரைந்து வண்ணம் நிரப்புபவை. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் புள்ளி வைக்கத் தெரியாது. அதை வீட்டில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பள்ளி விடுமுறை நாளில் பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, பேரப்பிள்ளைகள், ஆண் பிள்ளைகளும்தான், தரையில் 3-க்கு 4 புள்ளி வைத்தால் அரை மணி நேரத்தில் முதல் சிக்குக் கோலம் முடிந்துவிடும். பாட்டிக்குத் தெரிந்த புள்ளிக் கணக்குகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளலாம்.