தந்தமின்றித் தப்பிய யானைகள் கொடுத்த விலை

"யானைகள் தந்தமில்லாமலே பிறந்துவிட்டால் வேட்டைக்காரர்களிடமிருந்து தப்பிவிடுமே" என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மொசாம்பிக் நாட்டில் இது உண்மையாகவே நடந்தது. அதற்கு யானைகள் கொடுத்த விலையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பரிணாமம் என்ற சொல் நம்மிடையே விவாதத்தைக் கிளப்பும். அந்த விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஒரு மனித ஆயுளுக்குள் நடந்து, எண்ணிக் கணக்கிடப்பட்ட மாற்றத்தைப் பற்றியே பேசுகிறேன்.

1977 முதல் 1992 வரை அங்கு உள்நாட்டு யுத்தம். போரிட்ட இரு தரப்பினரும் செலவுக்குப் பணம் தேடி, கொரொங்கோசா பூங்காவின் யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றனர். பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. ஆபிரிக்க யானைகளில் பெண்களுக்கும் தந்தம் உண்டு. யுத்தத்துக்கு முன் பெண் யானைகளில் தந்தமற்றவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யுத்தத்தின் பின் எஞ்சியவற்றில் அவை ஏறத்தாழப் பாதி. தந்தமற்றவை வேட்டைக்கு இலக்காவது குறைவாக இருந்தது. அவை கூடுதலாகப் பிழைத்துக் குட்டி ஈன்றன.

இலாபம் இதுவென்றால், நட்டம் எது? 2021இல் வெளியான ஆய்வு விடை தந்தது. தந்தமின்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுசெய்யும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான். அந்த மாற்றத்தைப் பெறும் ஆண் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தந்தமற்ற தாய்களின் குட்டிகளில் மூன்றில் இரண்டு பெண்ணாக இருப்பது இதனால்தான்.

மேலும், தந்தம் வெறும் அலங்காரமல்ல. யானை அதைக் கொண்டுதான் நீருக்காக நிலத்தைத் தோண்டுகிறது, மரப்பட்டையை உரிக்கிறது, தன்னைக் காத்துக்கொள்கிறது.

உயிரினங்களின் உடலில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. சிவிங்கிப்புலிக்கு வேகம் தரும் மெலிந்த உடலே, சிங்கம் வந்தால் தன் இரையை விட்டு ஓடவும் வைக்கிறது.

நமது யானைகள் ஆசிய இனம். இங்கு ஆண்களிலும் மிகச் சிலவே கொம்பன்கள். ஆகவே மொசாம்பிக் கணக்கை அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆனாலும் பாடம் ஒன்றே. 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில், கைப்பற்றப்பட்ட சுமார் 1.5 தொன் ஆபிரிக்கத் தந்தம் பகிரங்கமாக நசுக்கி அழிக்கப்பட்டது. அது சரியான செயல் என்பதே என் கருத்து. "இயற்கை தானே சமாளித்துக்கொள்ளும்" என்று நாம் கைகட்டி நிற்கலாகாது. சமாளிக்கும், ஆனால் அதற்கான விலையைப் பிறக்காமலே போகும் குட்டிகள்தாம் கொடுக்கின்றன.