பதினாலு குழி, எழுபது புளியங்கொட்டை

மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் முதல் வாரம் நன்றாகத்தான் போச்சு. வெங்காய பஜ்ஜி, மதியத் தூக்கம், பரண் சுத்தம். இரண்டாவது வாரத்தில் நாலு பேரும் நாலு மூலையில் இருந்தோம். ஆளுக்கொரு செல்போன். அம்மாவுக்கு மட்டும் அதுவும் கிடையாது. தூர்தர்ஷனில் மறுபடியும் ராமாயணம் போட்டார்கள், அது இந்தியில். தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவர், ஜன்னல் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். கேட்டால்தான் பதில். அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது.

ஒருநாள் சமையலுக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தவர், கொட்டைகளைக் குப்பையில் போடாமல் தனியாக எடுத்து வைத்தார். எதுக்கும்மா என்றேன். "பல்லாங்குழி ஆடலாம்ல" என்றார். பலகை இல்லை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டோம்: இந்தப் பக்கம் ஏழு, எதிர்ப்பக்கம் ஏழு. வட்டத்துக்கு அஞ்சு கொட்டை, ஆக எழுபது.

விதிகள் ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு மாறும். அம்மா ஆடுவது இப்படி. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாக் கொட்டையையும் அள்ளி, வலப்பக்கமாக நகர்ந்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். உங்கள் வரிசை முடிந்தால் எதிராளி வரிசையில் தொடர்ந்து, சுற்றி வரணும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. அத்தோடு முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றுமே கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் இருக்கு. ஆடும்போது எந்தக் குழியிலாவது நாலு கொட்டை சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கமோ அவருக்குத்தான் பசு, ஆடுவது யாராக இருந்தாலும் சரி. உடனே எடுக்கணும். கவனிக்காமல் விட்டு அஞ்சாவது விழுந்துவிட்டால் போச்சு.

நான் மெச்சுவது இந்த விதியைத்தான். கேரம், சீட்டு, தாயம் எல்லாவற்றிலும் அடுத்தவர் ஆடும்போது நமக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த இடைவெளியில்தான் கை செல்போனுக்குப் போகும். பல்லாங்குழியில் எதிராளி ஆடும்போதுதான் உங்கள் பசு பிறக்கும். கண்ணை எடுக்க முடியாது. என் பையன் முதல் நாள் மெசேஜ் பார்த்துக்கொண்டே ஆடி மூன்று பசுவை விட்டான். மறுநாள் போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்தான், யாரும் சொல்லாமலே. அம்மா ஒரு பார்வையிலேயே எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார். விரல் விட்டு எண்ணினால் திட்டு வேறு. வீட்டில் எல்லோருக்கும் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தவரிடம், இப்போது "அப்பத்தா, எப்படி அது?" என்று பேரன் கேட்கிறான்.

ஒருவர் பக்கம் முழுக்கக் காலியானால் சுற்று முடிந்தது. மிச்சம் கிடப்பது அந்தப் பக்கத்துக்காரருக்கு. அடுத்த சுற்றில் கையில் உள்ளதை வைத்துத்தான் குழிகளை நிரப்பணும். 27 கொட்டை இருந்தால் அஞ்சு குழிதான் நிரம்பும், இரண்டு மிச்சம். நிரம்பாத இரண்டு குழியும் மூடல். ஜெயித்தவருக்கு ஏழு குழியும் நிரம்பி எட்டு கொட்டை கையிருப்பு. சமமாக ஆரம்பித்த ஆட்டம் ஒருவர் எல்லாவற்றையும் இழப்பதில் முடிகிறது என்பதைத் தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் தனிச்சொத்து உருவானதோடு சேர்த்துப் பார்க்கிறார். முன்பு படித்தபோது கொஞ்சம் இழுத்துச் சொல்கிறாரோ என்று தோன்றியது. ஊரடங்கில் எதிர்வீட்டு ஆட்டோ அசையாமல் நின்றதைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளம் வருகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொழுதுபோக்கு பற்றி எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடக் கிடையாது. அந்த நாலு நாளும் எப்படிப் போச்சு என்றே தெரியவில்லை. என் மனைவியும் சேர்ந்துகொண்டதால் ஜோடி ஜோடியாக ஆடினோம். சண்டையும் வந்தது. அம்மா கள்ளாட்டம் ஆடுவார் என்பது எனக்கு இத்தனை வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

மே 4 மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டிலிருந்தே பார்த்தோம். அழகர் அந்த வருஷம், 2020-ல், ஆற்றில் இறங்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா தவறவிடாத நாள் அது. சித்ரா பௌர்ணமி அன்று விடியும் முன்னே எழுந்து குளித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நின்றார். நான் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், அழிந்துபோன வட்டங்களை மறுபடி வரைந்து கொட்டைகளை எண்ணிப் போட்டான்.

"நீ முதல்ல எடு அப்பத்தா" என்றான்.